உஷார்! ஊசி முனையில் உட்கார்ந்திருக்கும் புற்றுநோய்

"மாட்டுப் பாலில் கேன்சர் வைரஸ், இன்றே நிறுத்துங்கள்" என்கிற ரகத் தகவல் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். படித்த கையோடு பத்து பேருக்குத் தள்ளிவிட்டும் இருப்பீர்கள். அதில் பாதி உண்மை. அதனாலேயே அது முழுப் பொய்யைவிட மோசம்.

மாட்டுக்குப் புற்றுநோய் தரும் வைரஸ் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அதன் நெருங்கிய பங்காளி ஒன்று மனிதரைப் பிடிக்கிறது. மனிதருக்கும் புற்றுநோய் தருகிறது. அந்தப் பங்காளியை நம் பட்டு நெசவு ஊரான ஆரணியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலூர் வட்டாரத்தில் 30 வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் நீங்கள் காய்ச்சிக் குடிக்கிற பாலைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஓர் உடம்பின் ரத்தத்தைத் தொட்டுவிட்டு அடுத்த உடம்புக்குள் போகிறதே ஊசி, கத்தி, பிளேடு, அதைப் பார்த்துத்தான் பதற வேண்டும். மாட்டுக் கொட்டகையிலும் சரி, மருந்துக்கடைக்குப் பின்னால் திரை கட்டி நடக்கும் 'கிளினிக்'கிலும் சரி, விஷயம் ஒன்றுதான்.

இரண்டு வைரஸ், ஒரே வம்சம்

சளி வைரஸ் வரும், நாலு நாள் படுத்தும், போய்விடும். ரெட்ரோவைரஸ் என்ற வம்சம் அப்படிப் போகாது. அதன் மரபுச் செய்தி ஆர்என்ஏ வடிவில் இருக்கும். செல்லுக்குள் நுழைந்ததும் அதை டிஎன்ஏவாகத் திருப்பி எழுதி, நம் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும். இந்தத் தலைகீழ் வேலையைச் செய்யும் நொதியை 1970-ல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1975-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆரணிக்காரருக்கு இதை விளக்க ஒரு வரி போதும். பாவு ஓடும்போதே ஒரு தப்பு இழை சேர்ந்துவிட்டால், அந்தப் பாவில் நெய்கிற சேலை அத்தனையிலும் அது ஓடும். அந்த மாதிரி, செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் வைரஸும் கூடவே பிரிந்து பெருகும். ஆயுசுக்கும் வெளியேற்ற முடியாது.

இந்த வம்சத்தில் சில, செல்லின் கட்டுப்பாட்டைக் குலைத்துப் புற்றுநோயாக்கும். 1911-ல் நியூயார்க்கில் பேட்டன் ரவுஸ் ஒரு கோழியின் கட்டியை அரைத்து, செல்கூடப் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை இன்னொரு கோழிக்குச் செலுத்தினார். அதற்கும் கட்டி வந்தது. புற்றுநோய் தொற்றும் என்று அன்றைக்கு யாரும் நம்பவில்லை. 55 வருஷம் கழித்து, 1966-ல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள்.

மாட்டு வைரஸை 1969-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் மில்லர் குழு கண்டது. பெயர் போவைன் லுகேமியா வைரஸ், சுருக்கமாக பிஎல்வி.

மனித வைரஸின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1977-ல் கியோட்டோவில் தகாட்சுகி என்ற மருத்துவரும் சகாக்களும் ஒரு புது மாதிரி ரத்தப் புற்றுநோயை விவரித்தார்கள். நோயாளிகளிடம் பிறந்த ஊரைக் கேட்டபோது பெரும்பாலோர் கியூஷு தீவுப் பக்கத்துக்காரர்கள். ஒரே வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரே புற்றுநோய் என்றால் தொற்றாக இருக்குமோ என்ற சந்தேகம் கிளம்பியது. 1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் ஆய்வகம் எச்டிஎல்வி-1 வைரஸைப் பிரித்தெடுத்து அறிவித்தது. மனிதரில் கண்டுபிடித்த முதல் ரெட்ரோவைரஸ் இதுதான். எச்ஐவி இதற்குப் பின்னால்தான் வந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் அடுத்தடுத்து அந்த ரத்தப் புற்றுநோய்க்கும் இந்த வைரஸுக்கும் உள்ள முடிச்சை உறுதி செய்தார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணிகளில் முதல் வகுப்பில், அதாவது சந்தேகத்துக்கு இடமில்லாத பட்டியலில் வைத்திருக்கிறது.

பிஎல்வி, எச்டிஎல்வி-1 இரண்டும் டெல்டா ரெட்ரோவைரஸ் என்ற ஒரே கிளை. குணமும் ஒன்றுதான். ரத்தத்தின் வெள்ளணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு, அந்த அணுவோடு சேர்ந்தே ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் பயணம் செய்யும். காற்றில் பரவாது; தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. உயிருள்ள செல் இடம் மாறினால்தான் தொற்றும். ரத்தம், தாய்ப்பால், உடலுறவு என்ற மூன்று வாசல்தான் மனித வைரஸுக்கு.

வேலூரில் தெரிந்தது

"இதெல்லாம் ஜப்பான்காரன் வியாதி, நமக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். 1986-ல் எச்ஐவியைப் பற்றியும் இதையேதான் கேட்டோம். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். சோதிக்கச் சென்னையில் வசதி இல்லை. ராத்திரி ரயிலில் காட்பாடி வந்து, வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று தெரிந்தது அங்கேதான், அப்போதுதான்.

அதே சிஎம்சியின் வைரஸ் ஆய்வாளர்கள், ஜேக்கப் ஜான் உள்ளிட்டோர், ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து எச்டிஎல்வி-1-ஐயும் தேடினார்கள். வேலூர் வட்டாரத்தில் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்தவர்களிடம் எச்டிஎல்வி-1, எச்ஐவி இரண்டையும் சோதித்த அவர்களின் ஆய்வு 1993-ல் வெளியானது. அதே ஆண்டு, தென்னிந்தியரின் ரத்தத்தை வடிதாளில் சொட்டு வைத்து உலர்த்தி, அந்தக் காய்ந்த சொட்டிலிருந்தே வைரஸின் மரபணு வரிசையைப் படித்த ஆய்வும் வந்தது. ஆக, வைரஸ் இங்கே உண்டு. அதன் கையெழுத்துகூடப் படிக்கப்பட்டுவிட்டது.

ஒன்றைக் கூட்டிச் சொல்லக் கூடாது. உலகத்தில் 50 லட்சம் முதல் 1 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாகக் கணக்கு. தென்மேற்கு ஜப்பான், கரீபியன் தீவுகள், மத்திய ஆஸ்திரேலியா, ஈரானின் மஷ்ஹத், ஆப்பிரிக்கா மற்றும் தென் அமெரிக்காவின் சில பகுதிகள்தான் அதன் கோட்டைகள். நம் பக்கம் குறைவு. குறைவாக இருக்கும்போதே வாசலை அடைப்பது லேசு. பெருகின பிறகு அடைப்பதற்கு ஜப்பான் படும் பாட்டைப் பாருங்கள்.

தறிக்குழியில் கால் மரத்தால்?

எச்டிஎல்வி-1 உடம்பில் இருக்கும் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் ஆயுசு முழுக்க எந்தத் தொந்தரவும் வராது. ஏறக்குறைய ஐந்து பேருக்கு ரத்தப் புற்றுநோய் வரலாம். அதுவும் தொற்றிய உடனே இல்லை. 30, 40, 50 வருஷம் கழித்து. தாய்ப்பாலில் வாங்கிய தொற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகு வெளியே வரும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டுதல், தோலில் தடிப்பும் கட்டியும், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எகிறுதல், அடிக்கடி வரும் தொற்றுகள் என்று அது தலைகாட்டும். வந்துவிட்டால் மூர்க்கமான நோய். ஜப்பான் 2012-ல் மொகாமுலிசுமாப் என்ற மருந்தை அனுமதித்தது. அது நோயாளிக்குச் சற்று அவகாசம் தரும், வைரஸை ஒழிக்காது.

இன்னும் சிலருக்கு முதுகுத் தண்டு பாதிக்கும். 1985-ல் மார்ட்டினிக் தீவிலும் 1986-ல் ஜப்பானின் ககோஷிமாவிலும் இந்த நோயை வைரஸோடு முடிச்சுப் போட்டார்கள். இரண்டு காலும் மெல்ல மெல்ல விறைக்கும். நடை இழுக்கும். மூத்திரத்தை அடக்க முடியாது, அல்லது முக்கினாலும் முழுசாக வராது.

இந்த இடத்தில்தான் நெசவாளி கோட்டை விடுவார். காலை ஆறு மணிக்குத் தறிக்குழியில் காலை இறக்கினால், மிதிக்கட்டையை அமுக்கி அமுக்கி ராத்திரி வரைக்கும் அதே உட்கார்வு. இடுப்பு பிடிப்பதும் கால் மரப்பதும் அவருக்குத் தினப்படி சங்கதி. "தறி வலிதான், எண்ணெய் தேய்ச்சா போயிடும்" என்பார். பெரும்பாலும் அது தறி வலியேதான். எல்லாக் கால் வலிக்கும் வைரஸைத் தேட வேண்டாம். ஆனால் விறைப்பு மாதக் கணக்கில் கூடிக்கொண்டே போய், கூடவே மூத்திரச் சிக்கலும் சேர்ந்தால், எண்ணெய்க் கிண்ணத்தை ஓரம் வைத்துவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். தொழில் என்ன, எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

கொட்டகையில் நடப்பது

ஆரணியைச் சுற்றித் தறி ஒரு பக்கம், கறவை மாடு ஒரு பக்கம் என்று பிழைக்கிற வீடுகள் உண்டு. சேலை கூலி தள்ளிப்போகிற வாரத்தில் பால் காசுதான் அடுப்பை எரிக்கும். அந்த மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வருபவர் எப்போதும் டாக்டராக இருப்பதில்லை. பை ஒன்றை மாட்டிக்கொண்டு வண்டியில் ஊர் சுற்றும் ஆள் வருகிறார். பேச்சு இப்படிப் போகும்:

"தம்பி, அந்த ஊசிய மாத்திட்டுப் போடுப்பா. இப்பதான பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்ட?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. மாட்டுத் தோலு, எதையும் தாங்கும். பஞ்சுல தொடச்சிட்டேன் பாரு."

பஞ்சு ஊசியின் வெளிப்புறத்தைத்தான் துடைக்கும். ஊசிக் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ரத்தத்தை எதுவும் துடைக்காது. பிஎல்வி தொற்ற ஒரு துளிக்கும் மிகக் குறைவான ரத்தம் போதும். அதில் தொற்றுள்ள வெள்ளணுக்கள் இருந்தால் வேலை முடிந்தது.

ஊசியோடு நின்றால் பரவாயில்லை. சினை பார்க்கும்போது ஒரே கையுறையோடு மாடு மாடாகப் போவது, கன்றுகளுக்குக் கொம்பு எடுக்கும் கருவி, காதுவில்லை குத்தும் கருவி, மூக்கணாங்கயிறு போட மூக்கில் ஓட்டை போடும் கம்பி என்று ரத்தம் படும் எதுவும் வண்டிதான். ரத்தம் குடிக்கும் பெரிய கடி ஈயும் ஒரு மாட்டைக் கடித்த வாயோடு அடுத்த மாட்டுக்குப் போகும். சீம்பாலிலும் பாலிலும் தாய்ப் பசுவிடமிருந்து கன்றுக்குப் போகும்.

தொற்றிய மாடு பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். நூறில் முப்பது மாட்டுக்கு ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை ஏறி அப்படியே நிற்கும். ஐந்துக்கும் குறைவான மாட்டுக்கே கட்டி வரும். அதுவும் மூன்று வயதுக்கு மேல். முன் சப்பைக்கு முன்னாலும் பின் தொடைக்கு முன்னாலும் நெறி கட்டிப் பந்துபோல் திரளும். ஒரு கண் பிதுங்கும். பின்கால் தள்ளாடும். தீனி தின்றும் உடம்பு வற்றும், பால் இறங்கும். சிகிச்சை இல்லை. ஊர் ஊராகப் போடத் தடுப்பூசியும் இல்லை.

இந்த நோய் உலக விலங்கு நல அமைப்பின் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின் அட்டவணையிலும் இருக்கிறது. கறவை மாட்டு வியாபாரத்தோடு கண்டம் தாண்டிய வைரஸ் இது. கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி: 2007 கணக்கெடுப்பில் அங்கே நூற்றுக்கு 84 பால் பண்ணைகளில் தொற்று. விடாப்பிடியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பா சாட்சி: மாட்டுக்கு மாடு சோதித்து, தொற்றுள்ளதை விலக்கி விலக்கி, டென்மார்க்கும் பின்லாந்தும் பிரிட்டனும் இந்த நோயே இல்லாத நாடுகளாகிவிட்டன.

அப்போ பால் குடிக்கலாமா, கூடாதா?

வாட்ஸ்அப் பீதிக்கு ஊற்றுக்கண் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். அங்கே கெர்ட்ரூட் பியூரிங் என்ற ஆய்வாளர் பல வருஷம் இந்த மாட்டு வைரஸை மனிதரில் தேடினார். 2003-ல் மனித ரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்பொருளையும், 2014-ல் மனித மார்பகத் திசுவில் வைரஸின் டிஎன்ஏவையும் கண்டதாக எழுதினார். 2015-ல் 239 பெண்களின் திசுவை ஆராய்ந்து வெளியிட்ட முடிவுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது: மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 59 சதவீதம் பேரிடம் வைரஸின் தடயம், வராதவர்களில் 29 சதவீதம்.

கேட்டால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் தடயம் இருப்பது வேறு, குற்றவாளி என்பது வேறு. புற்றுநோய் இல்லாத 29 சதவீதம் பேரிடமும் அது இருந்ததே! 2016-ல் கில்லே, வில்லெம்ஸ் என்ற இருவர் 51 மார்பகப் புற்றுக் கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியையும் அலசினார்கள். பிஎல்வி எங்கேயும் அகப்படவில்லை. அதே ஆண்டு சீனப் பெண்களிடம் செய்த ஆய்விலும் தொடர்பு கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. இப்படி இழுபறியாக நிற்கும் வழக்கில் வாட்ஸ்அப் மட்டும் தீர்ப்பு எழுதிவிட்டது.

நமக்கு வேண்டிய பதில் வேறு இடத்தில் ஏற்கெனவே இருக்கிறது: சூடு. 72 டிகிரியில் 15 விநாடி வைக்கும் பாஸ்டியர் முறையே பிஎல்வியைச் செயலிழக்கச் செய்துவிடும். பொங்கி வரும்வரை காய்ச்சுகிற நம் வீட்டுப் பாலில் அது நிற்க வழியே இல்லை. ஆவின் பாக்கெட்டோ, கொல்லை மாட்டுப் பாலோ, காய்ச்சிக் குடியுங்கள், தாராளமாகக் குடியுங்கள்.

உஷாராக வேண்டியது பச்சைப் பாலிடம். "காய்ச்சாத பால்தான் சத்து" என்று புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. கறந்த சூட்டோடு குழந்தைக்கு ஒரு வாய் ஊற்றுகிறவர்களும் உண்டு. அபிஷேகப் பாலைத் தீர்த்தமாக வாங்கிக் குடிப்பதும் பச்சைப் பாலைக் குடிப்பதுதான். சாமி கோபித்துக்கொள்ளாது, வீட்டுக்கு வாங்கி வந்து காய்ச்சிக் குடியுங்கள். புற்றுநோய் விவாதம் எப்படி முடிந்தாலும், புரூசெல்லா காய்ச்சலும் மாட்டுக் காசநோயும் பச்சைப் பாலில் மனிதருக்கு வரும் என்பதில் விவாதமே கிடையாது.

பட்டுப்புழுவைக் காப்பாற்றியவரின் வழி

பாலைச் சூடாக்கும் முறைக்குப் பெயர் தந்த லூயி பாஸ்டியருக்குப் பட்டு ஊர்க்காரர்கள் இன்னொரு நன்றிக்கடனும் பட்டிருக்கிறார்கள். 1865-ல் தெற்கு பிரான்சில் பெப்ரின் நோயால் பட்டுப்புழுக்கள் கூண்டோடு செத்து, பட்டுத் தொழிலே படுத்துக் கிடந்தபோது அரசாங்கம் அவரை அனுப்பியது. நோய் தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டைக்குப் போகிறது என்று அவர் கண்டார். வைத்தியம் சுலபம்: முட்டையிட்டு முடித்த தாயை அரைத்து மைக்ரோஸ்கோப்பில் பார். நோய்க்கிருமி தெரிந்தால் அந்த முட்டையை அழி. பட்டு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் தாய் அந்துப்பூச்சியைச் சோதிக்கும் வழக்கம் இன்றைக்கும் நடக்கிறது.

தாயைச் சோதி, சங்கிலியை அறு. ஐரோப்பா மாடுகளுக்குச் செய்ததும் இதுதான். ஜப்பான் மனிதருக்குச் செய்வதும் இதுதான். நாகசாகியில் 1987 முதல் கர்ப்பிணிகளுக்கு எச்டிஎல்வி-1 சோதனை செய்து, தொற்றுள்ள தாய்மாருக்கு மாற்றுப் பால் ஊட்ட ஆலோசனை தந்தார்கள். நீண்ட நாள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் நூற்றுக்கு இருபது பேருக்குப் போய்க்கொண்டிருந்த தொற்று, இரண்டு மூன்று பேராகக் குறைந்தது. பிற்பாடு அந்தச் சோதனை நாடு முழுவதற்கும் வந்தது.

இதைப் படித்துவிட்டு ஆரணியில் எந்தத் தாயும் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்! ஜப்பானின் ஆலோசனை, சோதனையில் தொற்று உறுதியான தாய்க்கு மட்டும். இங்கே தாய்ப்பால் இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும்தான் குழந்தையை முதலில் பிடிக்கும். மருத்துவர் சொல்லாமல் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது.

"ஒரு ஊசி போட்டாத்தான் சரியாவும்"

மனித ஊசிக்கு வருவோம். நெசவாளிக்குச் சேலைக் கணக்கில் கூலி. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தால் இரண்டு நாள் கூலி போச்சு. மேஸ்திரி கேட்ட தேதிக்குச் சேலை அறுபடாது. அதனால் மாத்திரை எழுதித் தரும் டாக்டரைவிட ஊசி போட்டு அனுப்புகிற ஆள்தான் கைராசிக்காரர். சாயங்காலம் ஊசி, காலையில் தறி என்பது கணக்கு. அந்த அவசரத்தை நம்பித்தான் போலி டாக்டர் பிழைக்கிறார். அவர் தட்டில் கிடக்கும் சிரிஞ்சு எத்தனை பேரைப் பார்த்ததோ!

இது வெறும் மிரட்டல் இல்லை. 2009-ல் குஜராத்தின் மோடாசாவில் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சிரிஞ்சால் மஞ்சள்காமாலை பி வைரஸ் பரவிப் பலர் செத்தார்கள். 2018 தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டம் பாங்கர்மாவில், சைக்கிளில் வந்து ஊசி போட்ட போலி மருத்துவர் ஒருவரைச் சுற்றி நாற்பது பேருக்கு மேல் எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது. மலிவான ஊசி, ஒரே ஊசி. எச்ஐவியும் மஞ்சள்காமாலை பி, சி வைரஸ்களும் போகிற அதே பாதையில்தான் எச்டிஎல்வி-1 போகிறது. பி, சி இரண்டுமே கல்லீரல் புற்றுநோயில் கொண்டு போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். ஓர் ஊசியை நிறுத்தினால் நான்கு வைரஸுக்கும் வாசல் அடைபடும்.

ரத்தம் ஏற்றுவதும் சும்மா இல்லை. நம் ரத்த வங்கிகளில் கட்டாயச் சோதனை ஐந்துக்கு: எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா. எச்டிஎல்வி அந்தப் பட்டியலில் இல்லை. ஜப்பான் 1986-லிருந்து தானம் தருகிற ஒவ்வொரு ரத்தத்திலும் அதைத் தேடுகிறது. சோதனை உள்ள வைரஸே தப்பி வந்ததை 2018 டிசம்பரில் பார்த்தோம்: சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தியில் தமிழ்நாடே ஆடிப்போனது. உயிர் போகிற நேரத்தில் ரத்தம் ஏற்றத்தான் வேண்டும், தயங்கவே கூடாது. ஆனால் "சோர்வா இருக்கு, ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திடுங்க" என்று நாமாகக் கேட்பது வீண் வம்பு. கர்ப்ப காலச் சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்தே ஒழுங்காக விழுங்கினால் பிரசவ அறையில் பாட்டில் தேட வேண்டியிருக்காது.

ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மொட்டைக்குப் புது பிளேடு கேளுங்கள். பாதி பிளேடை உடைத்துச் செருகுவதைக் கண்ணால் பாருங்கள். குழந்தைக்குக் காது குத்துவதும் அப்படியே. திருவிழாக் கடையில் பச்சை குத்திக்கொள்வதை விட்டுவிடுங்கள். அந்த ஊசி எத்தனை கையைத் தாண்டி வந்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது.

உஷார் பட்டியல்

1. மாட்டுக்கு ஊசி: ஒரு மாட்டுக்கு ஓர் ஊசி. கோமாரித் தடுப்பூசி முகாமிலும் இதையே கேளுங்கள். தடுப்பூசியை மட்டும் தவிர்க்காதீர்கள்.

2. சினை பார்க்க, சினை ஊசி போட வருபவர் ஒவ்வொரு மாட்டுக்கும் கையுறை மாற்ற வேண்டும். ரத்தம் பட்ட கையுறையை அடுத்த மாட்டிடம் கொண்டுபோக விடாதீர்கள்.

3. கொம்பு எடுக்கும் கருவி, காதுவில்லைக் கருவி, மூக்குக் கம்பி: ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவில் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து எடுக்க வேண்டும்.

4. மூன்று வயதுக்கு மேற்பட்ட மாட்டுக்கு நெறி கட்டினால், கண் பிதுங்கினால், காரணமில்லாமல் வற்றினால் அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. அந்த மாட்டைச் சந்தையில் தள்ளிவிட்டு நோயை அடுத்த கொட்டகைக்கு விற்காதீர்கள்.

5. சாணத்தை அள்ளித் தூரப் போடுங்கள், தேங்கிய தண்ணீரை வடியுங்கள், உண்ணியையும் கடி ஈயையும் கட்டுப்படுத்துங்கள்.

6. பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். பச்சைப் பால் யாருக்கும் வேண்டாம்.

7. உங்கள் கைக்கு ஊசி: மாத்திரையில் தீரும் என்று டாக்டர் சொன்னால் ஊசி கேட்டு அடம்பிடிக்காதீர்கள். போட்டே ஆக வேண்டுமானால் புதிய சிரிஞ்சு.

8. குழந்தைக்கு மஞ்சள்காமாலை பி தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை.

9. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். வைரஸ் காரணமோ இல்லையோ, கட்டியைச் சீக்கிரம் பிடித்தால் பிழைக்கலாம்.

யார் செய்வது?

"எல்லாத்தையும் நாமளே பாத்துக்கணுமா?" என்று கேட்டால், இல்லை. பால் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றும் முகாம் நாளில் மாட்டுக்கு ஒன்று வீதம் ஊசி இருக்கிறதா என்று எண்ணி வாங்க வேண்டும். ஓர் ஊசியின் விலை ஒரு டீயின் விலைகூட இல்லை. கால்நடைத் துறை கலப்பினக் கறவை மாடுகளில் பிஎல்வி சோதனையைத் தொடங்கினால், ஐரோப்பா பல பத்தாண்டுகள் பட்ட பாட்டை நாம் தவிர்க்கலாம். வைரஸ் ஆய்வில் நாட்டுக்கே வழிகாட்டிய வேலூர் பக்கத்தில் இருக்கும்போது, ரத்த தானத்தில் எச்டிஎல்வி சோதனை தேவையா என்று இந்த வட்டாரத்திலேயே மறுபடி கணக்கெடுக்கலாம். 2018-ல் கேலோவும் சகாக்களும் உலக சுகாதார அமைப்புக்குத் திறந்த கடிதம் எழுதிய பிறகுதான் அந்த அமைப்பே இந்த வைரஸ் பக்கம் திரும்பியது. 2021-ல் தனி அறிக்கை வந்தது. கேட்டால்தான் கிடைக்கிறது.

இந்த வைரஸ்கள் நுழைகிற நாளில் காய்ச்சல்கூடக் காட்டாது. இன்றைக்குப் போட்ட தப்பு ஊசிக்கான தண்டனை 2055-ல் வரும். அப்போது ஊசி போட்டவரும் இருக்க மாட்டார், எந்த ஊசி என்று சொல்ல சாட்சியும் இருக்காது. பிற்பாடு கேஸ் போட்டு ஜெயிக்க முடியாத விவகாரம் இது. ஊசிக்காரர் வாசலுக்கு வந்தால், உறையைக் கண் முன்னால் கிழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் உங்கள் கையையும் நீட்டாதீர்கள், மாட்டுக் கயிற்றையும் கொடுக்காதீர்கள்.